கடலோரத் தாழ்வுப் பகுதி, பழைய வீடு, தீராத பூச்சித் தொல்லை: வாசகர் கேள்வி பதில்

கடலை ஒட்டின தாழ்வான பழைய குடியிருப்புகள்ல இருந்து இந்த தடவை நிறைய கேள்வி வந்திருக்கு. கரையான், கரப்பான், எலி, கொசுன்னு ஒவ்வொருத்தரும் ஒன்னு ஒன்னு கேட்டிருக்கீங்க, ஆனா எல்லாத்தையும் சேர்த்து வச்சு படிச்சா எல்லா கேள்விக்கு அடியிலயும் தண்ணி நிக்குது. நிலத்தடி நீர் மேலயே இருக்குற இடம், ஓதம் ஏறின சுவர், உப்புக்காத்துல துருப்பிடிச்ச ஜன்னல் வலை, எப்பவோ போட்ட சாக்கடை லைன், இதையெல்லாம் விட்டுட்டு மருந்து மட்டும் அடிச்சுக்கிட்டே இருந்தா பணமும் போகும் உடம்பும் போகும். அதனால பதில்ல மருந்து பேச்சு கொஞ்சமாவும் தண்ணி பேச்சு நிறையவும் இருந்தா கோவிச்சுக்காதீங்க.

அக்கா, எங்க வீடு கட்டி ஐம்பது வருஷத்துக்கு மேல ஆகுது. தெரு உயர்ந்துகிட்டே போய் இப்ப வீட்டு தரை தெருவை விட கீழ இருக்கு. வாசக்கால்ல கரையான் மண்கோடு போட்டு ஏறுது, தட்டிவிட்டு மண்ணெண்ணெய் ஊத்துறேன், கொஞ்ச நாள்ல பக்கத்து ரூம் நிலைல வருது. தரையில ஓட்டை போட்டு மருந்து இறக்கணும்னு சொல்றாங்க, ஆனா வீட்டுக்கு பின்னாடியே கிணறு இருக்கு. செய்யலாமா?

முதல்ல மண்ணெண்ணெய நிறுத்துங்க. நெருப்பு பிடிக்கிற ஆபத்துதான் அதுல மிச்சம். நீங்க பார்க்குற மண்கோடு கரையானோட வீடு கிடையாது, அது வெறும் போக்குவரத்து பாதை. வெளிக்காத்து பட்டா உடம்பு காஞ்சு செத்துடும்னுதான் ஈரமண்ணால மூடி அதுக்குள்ளயே போய் வருது. கூட்டம் கீழ மண்ணுல இருக்கு, ராணி அங்க முட்டை போட்டுக்கிட்டே இருக்கும், நீங்க மேல ஒரு பாதைய அழிச்சா அது இன்னொரு பாதை போட்டுக்கும், அவ்வளவுதான் நடக்குது.

இப்ப ஒரு காரியம் பண்ணுங்க. மண்கோட்டுல நடுவுல ஒரு விரல் அளவு மட்டும் உடைச்சு விட்டு சில நாள் கழிச்சு பாருங்க, திரும்ப மூடியிருந்தா அந்த பாதைல நடமாட்டம் இருக்குன்னு அர்த்தம். மூடலன்னா அந்த வழிய விட்டுடுச்சுன்னு வச்சுக்கலாம், ஆனா வீட்டை விட்டே போயிடுச்சுன்னு நினைக்காதீங்க. மரத்தை ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால தட்டிப் பாருங்க, உள்ள பொத்தலா இருந்தா சத்தமே வேற மாதிரி கேக்கும். அதே நேரத்துல கட்டில், பீரோ, ஜன்னல் சட்டத்துக்கு அடியில மணல் மாதிரி சின்ன சின்ன உருண்டை கொட்டிக் கிடக்குதான்னும் பாருங்க, மண்கோடே இல்லாம அந்த உருண்டை மட்டும் இருந்தா அது காய்ஞ்ச மரத்துக்குள்ளயே வாழுற வேற ஜாதி கரையான், அதுக்கு மண்ணுல மருந்து இறக்கி ஒரு பிரயோஜனமும் இல்ல, அந்த மரத்துக்குத்தான் வைத்தியம். மருந்து அடிக்க வர்றவர் இந்த ரெண்டையும் பிரிச்சு பார்க்காமலே மெஷினை கீழ இறக்கினா வேண்டாம்னு சொல்லிடுங்க.

அடுத்தது ஓட்டை போட்டு மருந்து இறக்குறது. சுவரும் தரையும் சேர்ற இடத்துல 12 மில்லிமீட்டர் அளவுல ஒரு அடிக்கு ஒன்னுன்னு ட்ரில் போட்டு அழுத்தமா மருந்து இறக்கி, அந்த ஓட்டைய சிமெண்ட் வச்சு மூடுவாங்க. இமிடாகுளோப்ரிட், ஃபிப்ரோனில் மாதிரி மருந்துகளை கரையானால கண்டுபிடிக்க முடியாது, அதனால விலகிப் போகாம அது வழியாவே நடந்து மத்த கரையானுக்கும் ஒட்டிவிடும், இதுதான் அந்த முறையோட பலம். ஆனா இதெல்லாம் மருந்து மண்ணுல பிடிச்சு நிக்கும்னு நம்பி பண்றது. உங்க இடத்துல கொஞ்சம் தோண்டினா தண்ணி வருதுன்னா, அதுவும் மழைக்காலத்துல மண் ஊறிப் போய் இருக்கும்போது இறக்கினா, மருந்து மண்ணுல பிடிக்காது, தண்ணியோட ஓடும், ஓடுற வழியில உங்க கிணறு இருக்கு. ஃபிப்ரோனில் மீனுக்கு கடும் விஷம், அந்த தண்ணி குளத்துக்கோ உப்பங்கழிக்கோ போனா அங்கயும் சேதம்தான். அதனால உங்க நிலைமைக்கு நான் இந்த ஓட்டை போட்டு இறக்குற முறைய சொல்ல மாட்டேன், பெய்ட் முறையத்தான் சொல்வேன். வீட்டை சுத்தி மண்ணுல சில மீட்டருக்கு ஒன்னுன்னு சின்ன டப்பா புதைச்சு அதுக்குள்ள கரையான் விரும்பி தின்ற நார்ப்பொருள் வைப்பாங்க, அதுல ஹெக்ஸாஃப்ளூமுரான் மாதிரி ஒரு மருந்து கலந்திருக்கும். அதை தின்ன கரையானால சட்டை உரிக்க முடியாது, சட்டை உரிக்கலன்னா வளர முடியாது, மெதுவா கூட்டமே ஒழியும். மெதுவான்னா நிஜமாவே மெதுவா, மாசக்கணக்குல ஆகும், நடுவுல பொறுமை இழந்து பக்கத்துல வேற ஸ்ப்ரே அடிச்சீங்கன்னா கரையான் பெய்ட் பக்கமே வராம போயிடும். மண்ணுக்குள்ள போற மருந்தோட அளவு இதுல ரொம்ப குறைவு, அதனாலதான் கிணத்து பக்கம் இதை சொல்றேன்.

அதோட சுவரையும் பாருங்க. மொட்டை மாடி ஒழுகல், பாத்ரூம் பைப் கசிவு இருந்தா சுவருக்குள்ளயே ஈரம் கிடைக்கும், அப்போ மண்ணோட தொடர்பே இல்லாம மேல கூட கரையான் குடியிருக்க முடியும், கீழ என்ன மருந்து போட்டாலும் அதுக்கு தெரியாது. கசிவை அடைச்சுட்டு மருந்து போடுங்க, மாத்தி செஞ்சா வீண். வீட்டை ஒட்டி விறகு, அட்டைப்பெட்டி, பழைய பலகை எதையும் சாய்ச்சு வைக்காதீங்க. கரையான் அரிச்ச நிலைய மாத்தும்போது புது மரத்துக்கு பூச்சி அரிக்காம இருக்க போரேட் கரைசல் ஏத்திட்டு பொருத்துங்க, ஆனா அது தண்ணில கரைஞ்சு போற பொருள், அதனால மேல பெயிண்ட் கட்டாயம், அடிப்பாகம் மண்ணைத் தொடாம ஒரு கல் மேல நிக்கட்டும்.

எங்க அப்பா காலத்துல ஒரு தடவை மருந்து போட்டாங்க, பல வருஷம் கரையானே வரல. இப்ப போடுற மருந்து சில வருஷத்துலயே விட்டுடுது. கலப்படமா?

கலப்படம்னு சொல்ல மாட்டேன். அந்த காலத்துல போட்டது பெரும்பாலும் ஆல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர் வகை. மண்ணுல பத்து இருபது வருஷம் கழிச்சும் அழியாம இருக்கும், அதனாலதான் கரையான் வரல. ஆனா மண்ணுல அழியாதது உடம்புலயும் அழியாது, கொழுப்புல போய் தங்கும், தாய்ப்பால்ல கூட வந்துச்சு. 2001-ல, சீக்கிரம் அழியாத விஷங்களை ஒழிக்க நாடுகள் சேர்ந்து போட்ட ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்துல முதல்ல பட்டியல் போட்ட 12 பொருள்கள்ல இந்த மூனும் இருக்கு, 2004-ல அந்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்துச்சு. இப்ப இருக்குற மருந்து சீக்கிரம் சிதையுறது ஒரு குறைன்னு பார்க்காதீங்க, குழந்தைங்க ஓடி விளையாடுற தரைக்கு அடியில அப்படித்தான் இருக்கணும். வருஷத்துக்கு ஒரு தடவை சுவரை சுத்தி வந்து நீங்களே பார்த்துடுங்க, குறிப்பா வெள்ளம் புகுந்து வடிஞ்ச வருஷம். மண் அரிச்சுப் போன இடத்துல மருந்தும் சேர்ந்து போயிருக்கும்.

மேடம், வாரம் தவறாம ஸ்ப்ரே அடிக்கிறேன், ஆனாலும் ராத்திரி லைட் போட்டா கிச்சன்ல கரப்பான் ஓடுது. சிலது குட்டியா இருக்கு, சிலது பெருசா பறக்குது. என்னதான் பண்றது?

குட்டியும் பெருசும் ஒரே கூட்டத்தோட பிள்ளையும் அம்மாவும்னு நினைச்சுக்கிட்டு இருக்கீங்கன்னு நினைக்கிறேன், ரெண்டும் வேற வேற ஜாதியா இருக்க வாய்ப்பு அதிகம். வெளிர் பழுப்புல, கழுத்துக்கு மேல ரெண்டு கருப்பு கோடு போட்டு அரை அங்குலத்துக்கு இருக்குறது ஜெர்மன் கரப்பான், அது உங்க கிச்சனுக்குள்ளயே பொறந்து வளர்ந்து சாகுற ஜாதி. செம்பழுப்புல ஒன்றரை அங்குலத்துக்கு இருந்து பறக்குறது அமெரிக்க கரப்பான்னு பேரு, அது சாக்கடைல இருந்து மேல வர்றது. ரெண்டுக்கும் ஒரே வைத்தியம் பண்றதாலதான் ரெண்டும் போகல.

சின்னதுக்கு ஜெல் பெய்ட், அதாவது மருந்து கலந்த கூழ் மாதிரி தீனி. ஜெல் வைக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டா ஸ்ப்ரேவ மூட்டை கட்டி வச்சுடணும், ரெண்டும் சேரவே சேராது, ஸ்ப்ரே வாடை பட்ட இடத்துல வச்ச ஜெல்லை கரப்பான் தொடாது. ஒரே இடத்துல பெரிய உருண்டையா வைக்காதீங்க, சின்ன சின்ன புள்ளியா நிறைய இடத்துல, அதாவது கப்போர்டு கீலுக்கு உள்பக்கம், ஃப்ரிட்ஜ் மோட்டார் பக்கம், சிங்க்குக்கு அடியில பைப் சுவருக்குள்ள போற இடம், மிக்ஸி பின்னாடி, ஸ்டவ் மேடை விரிசல், இப்படி. தின்னுட்டு பொந்துக்குள்ள போய் சாகும், அதோட கழிவையும் பிணத்தையும் மத்தது தின்னு அதுவும் சாகும். ஒரு பொம்பளை கரப்பான் ஒரு முட்டைப் பைல 30-ல இருந்து 40 குஞ்சு வரைக்கும் வச்சிருக்கும், பொறிக்கிற நேரம் வரைக்கும் அந்த பைய வயித்தோட சுமந்துகிட்டே திரியும், அதனால ஒரு தடவை வச்சு குறைஞ்சதும் விட்டுடாதீங்க, புதுசா பொறிச்சதுக்கும் ஜெல் மிச்சம் இருக்கணும். நாளாக ஆக வேலை செய்யலன்னா அதே கம்பெனி பெரிய டியூப் வாங்காம, உள்ள இருக்குற மருந்து பேரை பார்த்து வேற மருந்துக்கு மாறுங்க, குளுக்கோஸ் இனிப்பை வெறுக்குற கரப்பான் கூட்டங்கள் உருவாகியிருக்குன்னு 1990-கள்லயே கண்டுபிடிச்சிருக்காங்க, குளுக்கோஸ் கலந்த ஜெல்லை அதுங்க வாயில வைக்காது.

பெருசுக்கு வழிய அடைக்கணும். பாத்ரூம் தரைல தண்ணி போற ஓட்டைக்கு அடியில இருக்குற ஃப்ளோர் ட்ராப்புக்குள்ள எப்பவும் கொஞ்சம் தண்ணி தேங்கி நிக்கணும், அந்த தண்ணிதான் சாக்கடைக்கும் வீட்டுக்கும் நடுவுல இருக்குற கதவு. புழங்காத பாத்ரூம்ல அது காஞ்சு போயிடும், காஞ்சதும் கரப்பானும் நாத்தமும் ஒன்னா ஏறும். வாரம் ஒரு தடவை ரெண்டு மக் தண்ணி ஊத்துங்க, ஊருக்கு போறதா இருந்தா ஊத்தின தண்ணி மேல கொஞ்சம் சமையல் எண்ணெய் விட்டுட்டு போங்க, சீக்கிரம் ஆவியாகாது. அப்புறம் வாஷிங் மெஷின் அவுட்லெட் ஹோஸ், பெரும்பாலான வீட்டுல அதை சும்மா பெரிய பைப்புக்குள்ள சொருகி விட்டிருப்பாங்க, சுத்தி இடைவெளி அப்படியே திறந்து கிடக்கும். சிங்க் ஹோஸும் அப்படித்தான். ரப்பர் வளையம் போட்டு இறுக்குங்க. வெளிய சேம்பர் மூடி உடைஞ்சிருந்தா அதை மாத்துங்க. இதை பண்ணாம எவ்வளவு மருந்து அடிச்சாலும் சாக்கடை காலியாகப் போறது இல்ல.

ராத்திரி சிங்க்கை துடைச்சு காய விட்டு படுங்க. கரப்பான் சாப்பாடு இல்லாம ஒரு மாசம் கூட தாக்குப்பிடிக்கும், தண்ணி இல்லாம ரொம்ப நாள் தாங்காது.

மழைக்காலத்துலயும், அமாவாசை பௌர்ணமி சமயத்துலயும் எங்க தெருவுல எலி வீட்டுக்குள்ள வர்றது ஜாஸ்தியாகுது. பெரியவங்க சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. இதுல உண்மை இருக்கா? எலி பேஸ்ட் வைக்கலாமா?

உங்க வீட்டு பெரியவங்க சரியாத்தான் கவனிச்சிருக்காங்க. அமாவாசை, பௌர்ணமி ஒட்டி கடல்ல ஏத்தம் அதிகமா இருக்கும், அப்போ மழைநீர் வடிகால் கடல்லயோ கழிமுகத்துலயோ போய் விழற வாயை கடல் தண்ணி அடைச்சுக்கும், உள்ள இருக்குற தண்ணி போக வழி இல்லாம திரும்பி ஏறும். தாழ்வான தெருவுல அது உடனே தெரியும். மழையும் ஏத்தமும் ஒரே நாள்ல சேர்ந்துட்டா கேக்கவே வேண்டாம். வடிகால் ஓரத்து வளை எல்லாம் முழுகும்போது எலியும் பெருச்சாளியும் எங்க போகும், மேடா காய்ஞ்சு இருக்குற இடம் உங்க வீடுதான். சாக்கடை எலி நல்லா நீந்தும், டாய்லெட் கோப்பைக்குள்ள இருக்குற தண்ணிய தாண்டியும் மேல வர முடியும். கீழ்தளத்து வீடுன்னா வெளிய போற லைன்ல ஒரு வழி வால்வு போடச் சொல்லி பிளம்பர்கிட்ட கேளுங்க, தண்ணி வெளிய போகும், திரும்பி வராது, எலியும் வராது. இந்த ஒரு செலவு உங்க இடத்துக்கு எந்த எலி மருந்தை விடவும் லாபம்.

அப்புறம் ஓட்டை. சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும், பெரிய எலிக்கு 12 மில்லிமீட்டர் கிட்ட போதும், ஒரு பேனா நுழையற இடத்துல சுண்டெலி நுழையும்னு வச்சு வீட்டை சுத்தி வந்து பாருங்க. கதவுக்கு அடியில, ஏசி பைப் போற ஓட்டை, வெண்டிலேட்டர், ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவுல. அடைக்கும்போது சாதா இரும்பு வலை, இரும்பு நார் வேண்டாம், கடல் காத்துல சீக்கிரமே துருப்பிடிச்சு உதிர்ந்துடும். எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வலை இல்லன்னா செம்பு வலை வச்சு மேல சிமெண்ட் பூசுங்க. ஃபோம், துணி, பிளாஸ்டிக் எல்லாம் எலிக்கு கடிக்க ஒரு நிமிஷ வேலை.

பொறி வைக்கிறதுன்னா சுவரை ஒட்டி, தீனி இருக்குற முனை சுவரைப் பார்த்த மாதிரி வைங்க, எலி நடு ரூம்ல நடக்காது, மீசை சுவத்துல உரசிக்கிட்டேதான் போகும். பெரிய எலி புது பொருளைக் கண்டா பயப்படும், அதனால முதல் சில நாள் பொறிய கட்டாம தீனி மட்டும் வச்சு பழக்குங்க, அது தைரியமா தின்ன ஆரம்பிச்சதும் மொத்தமா நிறைய பொறிய ஒரே ராத்திரில கட்டுங்க. பசை அட்டை வேண்டாம்ங்கறது என் கருத்து, அது உயிரோட மணிக்கணக்கா துடிக்கும், பல்லியும் குருவியும் கூட மாட்டும்.

எலி பேஸ்ட் பத்தி கேட்டீங்க. தயவு செஞ்சு வேண்டாம். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பேஸ்ட்டுக்கு மாத்து மருந்து கிடையாது. அதை விட கொடுமை என்னன்னா, சாப்பிட்டவங்களுக்கு முதல்ல வாந்தி வயித்துவலி வந்துட்டு அப்புறம் ஒன்னு ரெண்டு நாள் நல்லா ஆயிட்ட மாதிரியே இருக்கும், வீட்டுல எல்லாரும் நிம்மதி ஆயிடுவாங்க, அதுக்கப்புறம்தான் கல்லீரல் கெட ஆரம்பிக்கும். குழந்தை விரல்ல தொட்டு வாயில வச்சாலும், வீட்டுல யாராவது மனசு உடைஞ்ச நேரத்துல எடுத்துட்டாலும், நல்லாத்தான் இருக்காங்கன்னு ஒரு நிமிஷம் கூட காத்திருக்காதீங்க, அந்த டியூபையும் எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. தானியத்துக்கு போடுற அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையும் அதே மாதிரி வீட்டுக்குள்ளயோ வீட்டை ஒட்டின வளைலயோ போடவே கூடாது, ஈரம் பட்டா பாஸ்பீன் வாயு வரும், உங்க இடத்துல ஈரத்துக்கு பஞ்சமா, தூங்கிக்கிட்டு இருக்குறவங்க எழுந்திருக்க மாட்டாங்க. மருந்துதான் வேணும்னா புரோமாடியலோன் மாதிரி ரத்தம் உறையாம பண்ற வகைய, பூட்டுற மாதிரி பெட்டிக்குள்ள, மெழுகு கட்டியா வைங்க, தூள் தீனி இந்த ஈரக்காத்துல பூஞ்சை பிடிச்சுடும். அதுக்கு வைட்டமின் கே1 மாத்து மருந்தா இருக்கு. ஆனா எலி சாக சில நாள் ஆகும், அந்த எலிய பூனையோ ஆந்தையோ தின்னா அதுக்கும் விஷம் ஏறும், சுவருக்குள்ள செத்தா நாத்தம் தாங்காது, அதனாலதான் நான் எப்பவும் அடைப்பும் பொறியும் முதல்லன்னு சொல்றேன்.

இன்னொன்னு, கீச் கீச்னு கத்திக்கிட்டு சுவர் ஓரமா ஓடுற நீள மூக்கு உள்ளதை எலின்னு நினைச்சு மருந்து வைக்காதீங்க. அது மூஞ்சூறு, பூச்சியும் கரப்பானும்தான் அதுக்கு சாப்பாடு. எலி தீனிய பெரும்பாலும் சீண்டாது, வழிய அடைச்சா போதும்.

அல்ட்ராசோனிக் மெஷின் பிளக்ல மாட்டினா எலி, கரப்பான், கொசு எல்லாம் ஓடிடும்னு விளம்பரம் வருதே, வாங்கலாமா?

வாங்காதீங்க. ஆரம்பத்துல எலி கொஞ்சம் மிரளும், அப்புறம் பழகிடும். கொசுவும் கரப்பானும் அதை கண்டுக்கவே கண்டுக்காது. அந்த காசுக்கு ஜன்னல் வலை போடுங்க.

வாராவாரம் புகை வண்டி வந்து அடிச்சுட்டு போகுது, ஆனா சாயங்காலம் ஆனா கொசு அப்படியே இருக்கு. எங்க ஏரியாவுல உப்பங்கழி, தேங்கின கால்வாய், வீட்டு சம்ப், எல்லாம் இருக்கு. எதுல இருந்து வருதுன்னே தெரியல.

புகை அந்த நேரத்துல பறந்துகிட்டு இருக்குற கொசு மேல பட்டாதான் சாகும். தண்ணில இருக்குற புழுவுக்கும் கூட்டுப்புழுவுக்கும் அது ஒன்னும் பண்ணாது, அடுத்த நாளே அதுல இருந்து புதுசு வந்துடும். தெருவுல நோய் பரவுற நேரத்துல புகைக்கு ஒரு அவசியம் இருக்கு, ஆனா அதையே நம்பி வீட்டுக்குள்ள இருக்குற தண்ணிய கவனிக்காம விடுறோம் பாருங்க, அதுதான் எனக்கு வருத்தம்.

எது எங்க இருந்து வருதுன்னு கடிக்கிற நேரத்தை வச்சே பாதி சொல்லிடலாம். பகல்ல, குறிப்பா காலைலயும் சாயங்காலம் இருட்டுறதுக்கு முன்னாடியும் காலை சுத்தி கடிக்கிற, கருப்பு உடம்புல வெள்ளை வரி உள்ளது ஏடிஸ், டெங்கு பரப்புறது. அது கால்வாய்ல பொறக்குறது இல்ல, உங்க வீட்டு நல்ல தண்ணில பொறக்குது, ஃப்ரிட்ஜ் பின்னாடி தட்டு, பூந்தொட்டி தட்டு, மூடாத டிரம், மாடில கிடக்குற டயர். ராத்திரி கடிக்கிறது பெரும்பாலும் க்யூலக்ஸ், சாக்கடை, செப்டிக் டேங்க், தேங்கின கால்வாய்ல வர்றது. செப்டிக் டேங்க் வெண்ட் பைப் நுனில வலை கட்டியிருக்கான்னு இன்னைக்கே போய் பாருங்க, நிறைய வீட்டுல அது வெறும் வாயா நிக்குது, கொசு அது வழியா போய் முட்டை போட்டு அது வழியாவே வெளிய வருது. கிணறு, ஓவர்ஹெட் டேங்க்ல மலேரியா பரப்புற அனாஃபிலிஸ் வரும், மூடி இறுக்கமா இல்லன்னா. கடலோர சதுப்புல பொறக்குற கொசு வேற, சில ஜாதி ஈரச்சேத்துல முட்டை போட்டு வச்சிருக்கும், பெரிய ஏத்தம் வந்து தண்ணி தொட்டதும் எல்லாம் ஒரே சமயத்துல பொறிச்சு, சில கிலோமீட்டர் தாண்டியும் பறந்து வரும். அதை நீங்க தனியா ஒன்னும் பண்ண முடியாது, வலைதான்.

முட்டைல இருந்து கொசுவாக வெயில் காலத்துல 7-ல இருந்து 10 நாள் ஆகும், அதனாலதான் வாரம் ஒரு நாள்னு கணக்கு. தண்ணிய கொட்டினா மட்டும் போதாது, ஏடிஸ் முட்டை பாத்திரத்தோட உள்பக்கம் தண்ணி மட்டத்துக்கு மேல ஒட்டிக்கிட்டு காய்ஞ்சு போய் மாசக்கணக்கா உயிரோட இருக்கும், திரும்ப தண்ணி ஊத்தினதும் பொறிக்கும், அதனால நார் போட்டு தேய்ச்சு கழுவணும். கொட்ட முடியாத தண்ணிக்கு பிடிஐன்னு ஒரு பாக்டீரியா மருந்து கிடைக்குது, 1976-ல கண்டுபிடிச்சது, கொசுப்புழு தின்னா குடல் கெட்டு சாகும், மனுஷங்களுக்கும் மீனுக்கும் தொந்தரவு இல்ல. ஆனா குடிக்கிற தண்ணில போடுறதுன்னா லேபிள்ல அப்படி அனுமதி இருக்கான்னு பார்த்துட்டு போடுங்க. கொசுப்புழுவ தின்னும்னு விடுற கம்பூசியா மீனை கால்வாய்லயோ கழியிலயோ விடாதீங்க, உள்ளூர் மீன் குஞ்சையும் தவளை முட்டையும் அழிச்சுடும், மூடின தொட்டிக்குள்ள மட்டும்தான் சரி.

ஜன்னல் வலைல இரும்பு வேண்டாம், ஃபைபர் இல்லன்னா 316 கிரேடு எஸ்எஸ், 304 கூட கடல் பக்கத்துல புள்ளி புள்ளியா துருப்பிடிக்கும்.

பழைய புத்தக அலமாரிலயும் சுவர் மூலைலயும் கடுகை விட சின்னதா வெளிர் நிறத்துல ஏதோ நகருது. கடிக்கல. என்ன மருந்து அடிக்கிறது?

மருந்தே வேண்டாம். அது புத்தகப் பேன்னு சொல்ற பூச்சி, ரத்தம் குடிக்காது, ஈரத்துல வர்ற கண்ணுக்கு தெரியாத பூஞ்சைய தின்னுட்டு இருக்கு. அலமாரிய சுவத்துல இருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்க, காத்து ஓடட்டும், அந்த சுவத்துல ஓதம் எங்க இருந்து ஏறுதுன்னு பாருங்க. காத்துல ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு கீழ கொஞ்ச நாள் இருந்தா தானா காய்ஞ்சு செத்துடும். கடலோரத்துல அது கஷ்டம்தான், ஆனா அலமாரி ஒரு ரூம்ல மட்டும்னா அந்த ரூமுக்கு காத்துல இருக்குற ஈரத்தை இழுக்குற டிஹியூமிடிஃபையர் மெஷின் ஒன்னு வச்சா முடியும். வெள்ளிமீன் பூச்சிக்கும் இதே பதில்.

அக்கா, வீட்டுல கைக்குழந்தை இருக்கு, ஒரு பூனையும் இருக்கு. எதெல்லாம் வீட்டுக்குள்ள கொண்டு வரக் கூடாது?

அந்துருண்டை முதல்ல. நாப்தலீன் வாடை குழந்தை துணில ஏறி இருந்தா, ஜி6பிடின்னு ஒரு நொதி பிறவியிலயே குறைவா இருக்குற குழந்தைக்கு ரத்த அணு உடைஞ்சு மஞ்சள் காமாலை வரும், அந்த குறைபாடு இருக்குன்னு நிறைய பேருக்கு குழந்தை சீரியஸ் ஆனப்புறம்தான் தெரிய வருது. பூச்சி சாக்பீஸ் வேண்டாம், பார்க்க எழுதுற சாக்பீஸ் மாதிரியே இருக்கும், தவழுற குழந்தை நேரா வாயில வைக்கும். பெர்மெத்ரின் கலந்தது எதையும், குறிப்பா நாய்க்கு உண்ணி மருந்துன்னு விக்கிறதை, பூனைக்கு போட்டுடாதீங்க, பூனையோட உடம்பால அதை முறிக்க முடியாது, வலிப்பு வந்து செத்துப் போகும். மீன் தொட்டி இருந்தா அந்த ரூம்ல ஸ்ப்ரேவே வேண்டாம். கொசுவர்த்தி சுருளும் மூடின ரூம்ல வேண்டாம், ஒரு சுருள் எரிஞ்சு முடிஞ்சா வர்ற நுண்தூசி 75-ல இருந்து 137 சிகரெட் வரைக்கும் எரிச்ச அளவுக்கு சமம்னு 2003-ல வந்த ஆய்வு சொல்லுது. குழந்தைக்கு கொசுவலைய விட நல்லது எதுவும் இல்ல. அப்புறம் எந்த மருந்தையும் குளிர்பான பாட்டில்ல ஊத்தி வைக்காதீங்க, இதை எத்தனை தடவை வேணாலும் நான் எழுதுவேன்.

மருந்து அடிக்க ஆள் கூப்பிட்டா என்ன கேக்கணும்?

மருந்தோட பேரு என்ன, பாட்டில் லேபிளை காட்டுங்கன்னு கேளுங்க. "ஹெர்பல்", "வாடையே வராது"ன்னு மட்டும் சொல்லிட்டு பேரை சொல்ல மாட்டேன்னா வாசலோட அனுப்பிடுங்க. வீட்டு உபயோகத்துக்கு அனுமதி உள்ளதான்னு லேபிள்ல இருக்கும், வயலுக்கு அடிக்கிற மருந்தை வீட்டுக்குள்ள அடிக்கிறவங்க இருக்காங்க. எத்தனை மணி நேரம் வெளிய இருக்கணும், கர்ப்பிணி இருக்காங்க, ஆஸ்துமா இருக்கு, கிணறு இருக்குன்னு எல்லாத்தையும் முன்னாடியே சொல்லுங்க. வந்ததும் பார்க்காம கொள்ளாம மாசாமாசம் எல்லா ரூமும் அடிக்கிறோம்னு கான்ட்ராக்ட் போடுறவரை விட, டார்ச் எடுத்துக்கிட்டு சிங்க்குக்கு அடியில படுத்து பார்க்குறவர்தான் தொழில் தெரிஞ்சவர். வரிசை வீடு, அடுக்குமாடின்னா சேர்ந்து பண்ணுங்க, ஒரு வீட்டுல மட்டும் ஸ்ப்ரே அடிச்சா பொது சுவர் வழியா பக்கத்து வீட்டுக்கு போய் திரும்ப வரும்.

எறும்பு பவுடர் போட்டா ஒரு வரிசை ரெண்டு வரிசை ஆகுது. ஏன்?

சில ஜாதி எறும்புல ஒரு கூட்டத்துக்கு பல ராணி இருக்கும், மருந்து வாடை அடிச்சதும் பிரிஞ்சு போய் ரெண்டு மூனு கூட்டமா ஆகிடும். சர்க்கரை தண்ணில 1 சதவீதம் மட்டும் போரிக் ஆசிட் கலந்து பஞ்சுல நனைச்சு, குழந்தைக்கும் பூனைக்கும் எட்டாத இடத்துல வைங்க. அதிகமா கலந்தா அங்கயே செத்துடும், குறைவா இருந்தாதான் கூட்டுக்கு கொண்டு போகும்.

போன மழைல வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி வந்துச்சு. வடிஞ்சதுக்கு அப்புறம் எலிப்புழுக்கை, செத்த கரப்பான், சேறு எல்லாம் கிடந்துச்சு, அப்படியே பெருக்கிட்டோம். அடுத்த தடவை எப்படி பண்ணணும்?

காய்ஞ்ச புழுக்கைய பெருக்கக் கூடாது, வேக்குவமும் போடக் கூடாது, தூசியோட கிருமி மூக்குக்குள்ள போகும். ஜன்னலைத் திறந்து விட்டு, கையில கிளவுஸ், கால்ல பூட்ஸ், மூக்குல மாஸ்க் போட்டுக்கிட்டு, ஒரு பங்கு ப்ளீச்சிங் திரவத்துக்கு பத்து பங்கு தண்ணி கலந்து மேல தெளிச்சு அஞ்சு நிமிஷம் ஊறவிட்டு துணியால எடுங்க. ப்ளீச்சிங்கோட பாத்ரூம் ஆசிட்டையோ அமோனியா கலந்த க்ளீனரையோ சேர்த்துடாதீங்க, விஷவாயு வரும். ஈரமான மெத்தை, அட்டைப்பெட்டி எல்லாம் வெளிய போகட்டும், வச்சிருந்தா பூஞ்சையும் பூச்சியும்தான் குடி வரும். சுவர் பூச்சு முழுசா காயாம பெயிண்ட் அடிக்காதீங்க. சேறு வாரும்போது துணி மூட்டை, செருப்பு குவியலுக்குள்ள கையை விடாதீங்க, எலி பின்னாடியே பாம்பும் மேட்டுக்கு வந்திருக்கும், கம்பால கிளறிட்டு எடுங்க.

முக்கியமா எலிக்காய்ச்சல். எலி மூத்திரம் கலந்த தண்ணில கால் வெடிப்பு, சின்ன சிராய்ப்பு வழியா கிருமி உடம்புக்குள்ள போகும், 2 நாள்ல இருந்து 30 நாளுக்குள்ள காய்ச்சல் வரும், பெரும்பாலும் ஒன்னு ரெண்டு வாரத்துல. திடீர் காய்ச்சல், கெண்டைக்கால் தொட முடியாத வலி, கண் சிவப்பு, இது வந்தா சாதா காய்ச்சல்னு மாத்திரை போட்டு படுத்துடாதீங்க, தாமதமானா சிறுநீரகமும் கல்லீரலும் பாதிக்கும், ஆரம்பத்துலயே போனா ஆன்டிபயாட்டிக்ல சரியாகும். நிறைய நேரம் வெள்ளத்துல வேலை பார்க்க வேண்டியிருந்தா முன்கூட்டியே மாத்திரை தேவையான்னும் டாக்டர்கிட்ட கேட்டுக்கலாம். டெங்கு காய்ச்சலும் அதே சீசன்லதான் வரும், அதனால டாக்டர் முன்னாடி உக்கார்ந்ததும் எத்தனை நாள் காய்ச்சல்னு சொல்றதுக்கு முன்னாடி, வெள்ளத் தண்ணில நின்னேன், வீட்டுல எலி இருக்குன்னு சொல்லிடுங்க.